கடற்கரைக்குப் போறதுக்கு முன்னாடி: எங்க கோத்தகிரி குடும்பக் குழுவில் பேசினது

புதன், இரவு

நான்: எல்லாருக்கும் வணக்கம். பொங்கல் கழிச்சு வர்ற வெள்ளிக்கிழமை ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ்ல நானும் பாப்பாவும் சென்னை போறோம். கையில சனி, ஞாயிறு மட்டும்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையில (ஈசிஆர்) சோழமண்டலம் ஓவியர் கிராமம், தட்சிணசித்ரா அருங்காட்சியகம், மாமல்லபுரம் மூணும் பார்க்கணும். எந்த வரிசையில போறதுன்னு பெரியப்பாவும் அத்தையும் சொல்லுங்க.

சித்தப்பா: முதல்ல நேரக் கணக்கு. காலையில சென்ட்ரல்ல இறங்கி, திருவான்மியூர் வந்து, ஈசிஆர் பஸ் பிடிங்க. வழியில முதல்ல ஈஞ்சம்பாக்கத்துல சோழமண்டலம், அப்புறம் முட்டுக்காட்டுல தட்சிணசித்ரா, அங்கிருந்து இன்னும் 30 கி.மீ. போல மாமல்லபுரம். மூணும் ஒரே ரோட்டுல வரிசையா இருக்கு, திரும்பி வரவே வேண்டாம். சனி ராத்திரி மாமல்லபுரத்துலயே தங்குங்க.

சித்தப்பா: ஞாயிறு அதே வண்டியில திரும்பறதா இருந்தா மாமல்லபுரத்துல சாயங்காலம் 5 மணிக்கே கிளம்பிடணும். ஞாயித்துக்கிழமை ஈசிஆர் நெரிசல்ல 2 மணி நேரம் போதாது.

அத்தை: நாள் சரியாத்தான் எடுத்திருக்கீங்க. தட்சிணசித்ரா செவ்வாய் லீவு. எழும்பூர் அருங்காட்சியகம் வெள்ளி லீவு. பல பேர் இது தெரியாம போய் கேட்டைப் பார்த்துட்டு வர்றாங்க.

பாப்பா: பெரியப்பா, மாமல்லபுரத்துல அந்தப் பெரிய பாறைச் சிற்பம், அர்ச்சுனன் தபசு, எத்தனை மணிக்குப் பார்க்கணும்?

பெரியப்பா: காலையில, கண்ணு. அந்தப் பாறை கிழக்கு பார்த்து நிக்குது. சூரியன் மேல வந்ததிலிருந்து 9 மணி வரைக்கும்தான் அதுக்கு உயிர். வெயில் தாழ்வா, தை மாசத்துல கொஞ்சம் தெற்கு சாஞ்சு வரும். அதனால உருவத்தோட ஒரு பக்கம் நிழல் விழுந்து புடைப்பு நல்லா தெரியும். உச்சிக்கு வந்துட்டா எல்லாம் தட்டையாயிடும். மதியத்துக்கு மேல பாறை முழுக்க நிழல். 11 மணிக்குப் போய் "இவ்வளவுதானா"ன்னு திரும்பறவங்க பார்த்தது சிற்பத்தை இல்ல, வெறும் பாறையை.

பெரியப்பா: அளவு ஏறக்குறைய 29 மீட்டர் அகலம், 13 மீட்டர் உயரம். முதல்ல தூர நின்னு நடுவுல இருக்கற பிளவைப் பாரு. அதுதான் கங்கை. பாம்பு உடம்பு உள்ள நாகர்கள் அது வழியா மேல ஏறி வர்றாங்க. பாறை உச்சியில தண்ணி தேக்க இடம் இருக்கு, அங்கிருந்து நிஜத் தண்ணி அந்தப் பிளவுல விழற மாதிரி அமைச்சிருக்காங்க. இயற்கையா இருந்த வெடிப்பையே கதைக்கு நடுவாக்கின புத்தி அது. அப்புறம் கிட்டப் போய் தவம் பண்ற பூனையைத் தேடு. ரெண்டு கையையும் தூக்கி மேல இருக்கற தவசி மாதிரியே நிக்கும், காலடியில எலிகள்.

நான்: அப்போ ஞாயிறு 6:30க்கு தபசு, அப்புறம் பாறையையே கோயிலாக் குடைஞ்ச அஞ்சு ரதம், கடற்கரைக் கோயில். சரியா?

பெரியப்பா: நடுவுல ஒண்ணு விட்டுட்ட. ரதத்துக்குப் போறதுக்கு முன்னாடி, பாதியில நின்னுபோன வேலைகளைப் பாருங்க. யாரும் அந்தப் பக்கம் போறதில்ல. ஊர்ல இருக்கற குன்றுக்கு மேற்கே பிடாரி ரதம், வலையன்குட்டை ரதம்னு இருக்கு. மேல் பாதி கோயில், கீழ் பாதி வெறும் பாறை. பல்லவ சிற்பி எப்படி யோசிச்சான்னு முடிஞ்ச கோயில் சொல்லாது, இதுதான் சொல்லும்.

பாப்பா: ஏன் மேல மட்டும் முடிச்சிருக்காங்க?

பெரியப்பா: மேலிருந்து கீழே குடைஞ்சதால. சிகரத்தை முடிச்சுட்டு ஒவ்வொரு தளமா இறங்குவாங்க. சாரம் கட்ட வேண்டாம், நிக்கறதுக்கு கீழ இருக்கற பாறையே தரை. மேல உடையற சில்லு கீழ முடிச்ச வேலை மேல விழாது. ஆனா ஒரு கஷ்டம். சிகரத்துல முதல் உளி வைக்கும்போதே அடித்தளம் எங்க வரும்னு கணக்கு முடிஞ்சிருக்கணும். கட்டடம்னா ஒரு கல்லை மாத்திக்கலாம், இங்க வெட்டினது வெட்டினதுதான்.

பெரியப்பா: பாதியில நின்ன குகைகள்ல இன்னொண்ணு கவனி. பாறை முகத்துல சதுரம் சதுரமா கோடு வெட்டியிருக்கும். சுத்தியும் ஆழமா பள்ளம் எடுத்துட்டு நடுவுல நிக்கற கட்டியைத் தட்டி எடுப்பாங்க. கட்டி தனியா நிக்கறதால உடைப்பு அதோட நிக்கும், பக்கத்துக்கு ஓடாது. அப்புறம் அடுத்த சதுரம். இதைப் பார்த்துட்டு ரதத்துக்குப் போனா, அங்க ஒவ்வொரு சுவருக்குள்ளயும் அந்தச் சதுரம் தெரியும்.

அத்தை: அண்ணா, தபசுக்கும் முடியாத ஜோடி ஒண்ணு இருக்கே, அதையும் சொல்லுங்க.

பெரியப்பா: ஆமாம்மா. அதே காட்சியைத் தொடங்கி பாதியில விட்ட இன்னொரு பாறை ஊருக்குள்ளயே இருக்கு. ரெண்டையும் ஒரே நாள்ல பார்த்தா போதும், தனியா பாடம் வேண்டாம்.

பெரியப்பா: ரதங்கள்ல நகுல சகாதேவ ரதத்தோட பின்பக்கம் போய் நில்லு. வளைஞ்சு இருக்கும். தூங்கானை மாடம்னு பேரு. பக்கத்துலயே யானை ஒண்ணு வெட்டி வெச்சிருக்காங்க. யானை முதுகையும் கோயில் முதுகையும் ஒரே தாள்ல வரைஞ்சு பாரு, பேர் வந்த காரணம் புரியும். தர்மராஜ ரதம் மூணு தளம். அதுலயும் கீழ்த்தளம் முடியல.

சித்தப்பா: ரதத்துக்கும் கடற்கரைக் கோயிலுக்கும் ஒரே டிக்கெட், அதே நாளுக்கு மட்டும். தொலைச்சுடாதீங்க. தபசுக்கு டிக்கெட் இல்ல.

வியாழன், காலை

பாப்பா: கடற்கரைக் கோயில் அரிச்சுப் போயிருக்குன்னு படிச்சேன். கருங்கல் எப்படி அரிக்கும்?

பெரியப்பா: அலை அடிச்சு மட்டும் இல்ல. உப்புத் தண்ணி காத்தோட வந்து கல்லோட நுண்துளைக்குள்ள போகும். வெயில்ல தண்ணி ஆவியாகி உப்பு உள்ளேயே படிகமாகும். படிகம் வளரும்போது கல்லோட துகளைத் தள்ளும். ராத்திரி ஈரத்துல கரையும், மறுநாள் மறுபடி வளரும். இப்படியே மேல்தோல் மணல் மாதிரி உதிரும். தொல்லியல் துறை காகிதக் கூழை நல்ல தண்ணியில நனைச்சு கல் மேல அப்பி வைப்பாங்க. காயும்போது உப்பு கூழுக்குள்ள ஏறிடும். உரிச்சுட்டு மறுபடி அப்புவாங்க, உப்பு குறையற வரைக்கும். கடல் பக்கம் பாறைக் கரையும் சவுக்குத் தோப்பும் அதைக் காப்பாத்தத்தான்.

பெரியப்பா: அதனால ஒரு வேண்டுகோள். பென்சில், கரித்துண்டு வெச்சு தாளைச் சிற்பத்து மேல வெச்சுத் தேய்ச்சுப் படம் எடுக்காதே. உதிரத் தயாரா இருக்கற துகள் அதோட வந்துடும். தூர உட்கார்ந்து வரை.

நான்: சரிங்க பெரியப்பா. அம்மா சின்னதா ஒரு கல் பிள்ளையார் கேட்டாங்க. எதைப் பார்த்து வாங்கறது?

பெரியப்பா: கடையில கறுப்பா மினுங்கற சின்ன சிலை நிறைய மாக்கல்தான். எண்ணெய், மெழுகு தடவினா கருங்கல் மாதிரியே இருக்கும். எடையை வெச்சுக் கண்டுபிடிக்க முடியாது, ரெண்டும் லிட்டருக்கு 2.7 கிலோவை ஒட்டித்தான். அடிப்பக்கம் நகத்தால கீறு. வெள்ளைப் பொடி வந்தா மாக்கல். கருங்கல்ல நகம்தான் தேயும். மாக்கல் மட்டமில்ல, பூஜை அறைக்குள்ள வைக்க நல்லா இருக்கும். ஆனா அதோட விலையைக் கொடுக்கணும். வாசல்ல மழையில வைக்கறதுன்னா கருங்கல்தான்.

பெரியப்பா: எடைக் கணக்கு: 9 அங்குல உயரம், 4 அகலம், 3 கனம்னா வெட்டாத கட்டி ஏறக்குறைய 4.8 கிலோ. செதுக்கினப்புறம் பாதி போல நிக்கும். பையில தூக்கலாம். ஒரு அடி கனசதுரக் கட்டி 76 கிலோ, அதை நினைக்காதே.

அத்தை: வாங்கறதுக்கு முன்னாடி பட்டறையில கொஞ்ச நேரம் நில்லுங்க. 1957ல தொடங்கின அரசு சிற்பக் கல்லூரி அந்த ஊர்லதான். அங்க படிச்சவங்க கை தனியாத் தெரியும். விரல், கண் இமை, ஆபரணத்து ஓரம் பாருங்க. மெஷின்ல வெட்டினதுல பள்ளமெல்லாம் ஒரே ஆழமா இருக்கும்.

வியாழன், இரவு

பாப்பா: அத்தை, சோழமண்டலத்துல என்ன பார்க்கணும்?

அத்தை: 1966ல ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் சென்னை ஓவியக் கல்லூரி மாணவர்களும் சேர்ந்து அமைச்ச கிராமம் அது. படம் விக்கலைன்னா ஓவியன் எப்படிச் சாப்பிடுவான்னு அவங்க நேராக் கேட்டாங்க. பத்திக் துணி (மெழுகு தடவிச் சாயம் போடறது), கைவினைப் பொருள் செஞ்சு வித்து, அந்தக் காசுல நிலம். காலையில கைவினை, மீதி நேரம் ஓவியம். யார் தயவும் இல்லாம நின்னாங்க. எனக்கு அந்த இடத்து மேல பெரிய மரியாதை இருக்குன்னா அதுக்குத்தான்.

அத்தை: உள்ள சென்னை ஓவிய இயக்கத்து அருங்காட்சியகம் இருக்கு, 2009ல திறந்தது. பணிக்கரோட "சொற்களும் குறியீடுகளும்" வரிசை முன்னாடி நிதானமா நில்லு. ஜாதகக் கட்டம், கணக்கு நோட்டு மாதிரி எழுத்து இருக்கும். படிக்க முயற்சி பண்ணாதே, அது படிக்கறதுக்கு எழுதினது இல்ல. எழுத்தையே கோடாப் பாரு. அப்புறம் ஓவியர் கே. ராமானுஜம் வரைஞ்ச மைச் சித்திரம் ஏதாவது மாட்டியிருந்தா கண்டிப்பா பாரு.

அத்தை: உலோகச் சிற்பத்துல ஜானகிராம், நந்தகோபால்னு ரெண்டு சிற்பிகள். செம்புத் தகட்டை அடிச்சு, கம்பி வெச்சுப் பத்தவெச்ச வேலை. முன்னாடியிருந்து பார்க்கற மாதிரி அமைச்சது, நம்ம கோயில் மூலவர் மாதிரியே. அதனால சுத்தி வராம நேரா நின்னு பாரு.

பாப்பா: பத்திக் நம்ம வீட்லயே பண்ணலாமா?

அத்தை: பண்ணலாம். கஞ்சி போக அலசின பருத்தித் துணி வேணும். தேன்மெழுகும் பாரபின் மெழுகும் சரிபாதி. பாரபின் கூடினா மெழுகு நொறுங்கி விரிசல் கோடு நிறைய விழும், தேன்மெழுகு கூடினா கோடு குறையும். நேரா அடுப்புல வைக்காதே, தீப்பிடிக்கும். கொதி தண்ணிக்குள்ள பாத்திரம் வெச்சு உருக்கு. வெளிர் நிறத்துல ஆரம்பிச்சு அடர் நிறத்துக்குப் போகணும். சாயம் குளிர்ச்சியா இருக்கணும், சுடு சாயம்னா மெழுகு உருகி ஓரம் கலங்கிடும். நம்ம ஊர்க் குளிர்ல மெழுகு துணியில படறதுக்குள்ள உறைஞ்சுடும். மேலயே நின்னு உள்ள ஊறாது, சாயம் அடியில புகுந்துடும். தடவின இடம் கண்ணாடி மாதிரி தெரிஞ்சா ஊறியிருக்குன்னு அர்த்தம். வெள்ளையா நின்னா துணியோட பின்பக்கமும் தடவு.

நான்: படம் ஒண்ணு வாங்கினா ரயில்ல எப்படிக் கொண்டு வர்றது அத்தை?

அத்தை: இதுதான் முக்கியம். அங்க தை மாசத்துல 28 டிகிரி, ஈரப்பதம் 75னு வெச்சுக்கோ. அந்தக் காத்தை பிளாஸ்டிக்குள்ள அடைச்சு கோத்தகிரி கொண்டு வந்தா 23 டிகிரிக்குக் கீழ போனதுமே உள்ள முத்து முத்தா வேர்க்கும். காலையில இங்க 10 டிகிரிக்குப் பக்கம். முதல் சுத்து பட்டர் பேப்பர், ரெண்டாவது பழைய பருத்தி வேட்டி, வெளியிலதான் குமிழ் பிளாஸ்டிக், குமிழ் வெளிப்பக்கமா. குமிழ் நேரா அக்ரிலிக் வண்ணம் மேல பட்டா வட்டம் வட்டமா தடம் விழுந்துடும், போகாது. டேப் போட்டு முழுசா மூடாதே. வீடு வந்ததும் பிரிச்சுடு.

சித்தப்பா: சட்டம் இல்லாத கேன்வாஸ்னா 6 அங்குல பிவிசி குழாய் போதும் இல்லையா அக்கா?

அத்தை: போதும். வண்ணம் வெளிப்பக்கமா சுருட்டணும். உள்பக்கமா சுருட்டினா வண்ணம் நெருங்கி மடிஞ்சு உதிரும். வந்ததும் விரிச்சு வை, மாசக்கணக்கா குழாயில விடாதே.

அத்தை: மாட்டறதுக்கும் சேர்த்துச் சொல்லிடறேன். மழை அடிக்கற வெளிச்சுவர் வேண்டாம், கணப்பு அடுப்புக்கு மேலயும் வேண்டாம். ஒண்ணு பூஞ்சை, இன்னொண்ணு கேன்வாஸ் இழுத்து விரிசல். தாள் படம்னா கண்ணாடிக்கும் படத்துக்கும் 3 மில்லிமீட்டராவது இடைவெளி விடச் சொல்லு, ஒட்டினா ஈரத்துல தாள் கண்ணாடியோட பிடிச்சுக்கும். சட்டத்தோட கீழ் ரெண்டு மூலையிலயும் கார்க் துண்டு ஒட்டு, பின்னாடி காத்துப் போகும்.

பாப்பா: குழாய் நாளைக்கே வாங்கிடறேன் அத்தை. மூடி போட்டு வேணுமா?

அத்தை: ஒரு பக்கம் மூடி, ஒரு பக்கம் துணி கட்டி. காத்து போகணும்.