முட்ரிக்குக்கு 100 மில்லியன் யூரோ குடுக்கலாமுங்களா?

பீளமேடு கன்னர் (ஜனவரி 10, 2023)
ஏனுங்ணா, ராத்திரி ஒன்றரை மணிக்கு நம்ம ஆர்சனல் ஆக்ஸ்ஃபோர்டு மேட்ச் பாத்துட்டு படுத்தவன், உக்ரைன் ஷக்தார் கிளப்புல ஆடற விங்கர் முட்ரிக்க நம்மாளுங்க வாங்கறாங்களான்னு விடியற வரைக்கும் நியூஸ் தேடிட்டு கெடந்தேன். நம்ம ஸ்ட்ரைக்கர் ஜீசஸ் முட்டில ஆபரேஷன் பண்ணி உக்காந்துட்டாப்ல, ரெண்டு ஓரத்துலயும் சாகாவும் மார்ட்டினெல்லியும் ஒரு மேட்ச் விடாம ஓடறாங்க, மாத்தி எறக்க ஆளில்ல. 2004க்கு அப்பறம் இப்பத்தான் பிரீமியர் லீக் பட்டம் கைக்கு எட்டற தூரத்துல நிக்குது. ஷக்தார் என்னன்னா அஜாக்ஸ் கிளப்பு ஆண்டனிங்கற பிளேயர வித்த வெலயச் சொல்லி அதே மாதிரி வேணும்ங்கறாங்க. 22 வயசுப் பையனுக்கு இவ்வளவு குடுக்கலாமா, வேண்டாமா? மனசுல பட்டதச் சொல்லுங்க.

ஈரோடு ரெட்
குடுக்கணும்ங்க. செப்டம்பர்ல ஷக்தார் லைப்சிக் ஊர்லயே போயி 4-1 ஜெயிச்சாங்களே, அந்த மேட்ச் பாருங்க, முட்ரிக் ஒரு கோலு ரெண்டு அசிஸ்ட். செல்டிக் மேல ரெண்டு மேட்ச்லயும் கோல். இத்தனைக்கும் சொந்த ஊர்ல சண்டை, ஹோம் மேட்ச்சையே போலந்துல வார்சால போயி ஆடற டீமு. லெஃப்ட்ல பந்த வாங்கி நேரா டிஃபண்டர் மேல ஓடறான் பாருங்க, அந்த ஓட்டம் நம்ம பெஞ்சுல ஒருத்தருகிட்டயும் இல்ல. எச்சாத்தான் கேக்கறாங்க, ஆனா பட்டம் ஜெயிக்கற வருசம் தெனமும் வராதுங்க.

பொள்ளாச்சிக்காரன்
தம்பி, நான் ஒத்துக்க மாட்டேன். 2019ல பெப்பேன்னு ஒரு விங்கருக்கு 72 மில்லியன் பவுண்டு குடுத்தோம், இப்ப பிரான்ஸ்ல நைஸ் கிளப்புக்கு லோன்ல போயி ஆடிட்டிருக்கான். அதே சம்மர்ல பிரேசில்ல இத்துவானோன்னு ஒரு சின்ன கிளப்புல இருந்து ஆறு மில்லியன் பக்கத்துல குடுத்து கூட்டிட்டு வந்த பையன்தான் மார்ட்டினெல்லி. வெலைக்கும் ஆட்டத்துக்கும் சம்பந்தமே இல்லீங்க, தேடிக் கண்டுபுடிக்கறவன் கண்ணுல இருக்குது. நம்மூருலயே பாத்தமே, 2019 மார்ச் 9, கோயமுத்தூர் நேரு ஸ்டேடியத்துல சென்னை சிட்டி டீமு மேட்ச். எதிர்ல ஆடின மினர்வா மொதல்ல கோல் போட்டு எங்களுக்கெல்லாம் வயித்தக் கலக்கிருச்சு, அப்பறம் நம்ம சென்னை சிட்டி மான்சி பெனால்டில சமன் பண்ணி, கௌரவ் போரா ரெண்டு போட்டு 3-1, ஈஸ்ட் பெங்காலை விட ஒரே பாய்ண்ட் எச்சா எடுத்து ஐ-லீக் சாம்பியன். அந்த சீசன் 21 கோல் அடிச்ச மான்சி ஸ்பெயின்ல கீழ் டிவிஷன்ல ஆடிட்டிருந்தவரு. அன்னிக்கு தொண்டை கட்டி வந்தவன் நான், மூணு நாளு பேச்சு வரல.

ஈரோடு ரெட்
மான்சி கதை நெம்பச் சந்தோசம்ங்ணா, நானும் அன்னிக்கு கேலரில இருந்தேன். ஆனா ஐ-லீக் வேற, பிரீமியர் லீக்ல மான்செஸ்டர் சிட்டிகூட மல்லுக்கட்டறது வேற இல்லீங்களா.

பீளமேடு கன்னர் (ஜனவரி 14)
போச்சுங்க. ஊட்டுக்கு காப்பு கட்ட வேப்பந்தழையும் பூளப்பூவும் ஆவாரம்பூவும் வாங்கிட்டு வந்து போனை எடுத்தா முட்ரிக்க வாங்க செல்சி கிளப்பு பேசி முடிச்சுட்டாங்கன்னு வருது. துருக்கில ஷக்தார் கேம்ப்புக்கே ஆளு போயி, 70 மில்லியன் யூரோ, மேல 30 மில்லியன் வரைக்கும் போனஸ், எட்டரை வருச ஒப்பந்தம். நம்ம மேட்ச் பாக்கறத அந்தப் பையன் இன்ஸ்டாவுல போட்டப்ப எனக்கு வந்துட்டான்னே இருந்துச்சு. மனசு ஆறல.

திருப்பூர் கூனர்
நான் ஆடிட்டர் ஆபீஸ்ல வேலைங்க, எட்டரை வருசம் எதுக்குன்னு சொல்றேன். இப்ப, 2023 ஜனவரில இருக்கற விதிப்படி, ஒரு ஆளை வாங்கற காசை ஒப்பந்தம் எத்தன வருசமோ அத்தனையா பிரிச்சுத்தான் கணக்குல எழுதுவாங்க. 70ஐ அஞ்சு வருசத்துக்குப் போட்டா வருசம் 14 மில்லியன், எட்டரைக்குப் போட்டா எட்டு சொச்சம்தான். செலவுக் கட்டுப்பாட்டு விதிக்கு கணக்கு அடங்கிரும். பையன் சரியா ஆடலைன்னா மட்டும் 2031 வரைக்கும் சம்பளம் குடுத்தே ஆகணும். நம்மாளுங்க அந்த வழிக்குப் போகாதது நல்லதுங்க, அந்தக் காசை நடுவுல ஆடறதுக்கு ஒரு நல்ல மிட்ஃபீல்டருக்குப் போடட்டும்.

பீளமேடு கன்னர் (ஜனவரி 16)
நேத்து பொங்கல் அன்னிக்கு சாயங்காலம் அவன் உக்ரைன் கொடிய போத்திட்டு செல்சி கிரவுண்டுல நின்னத பாத்தப்ப கஷ்டமாத்தான் இருந்துச்சு. பத்து மணிக்கு நம்ம மேட்ச், ஸ்பர்ஸ் (டோட்டன்ஹாம்) கிரவுண்டுலயே 2-0, எட்டு பாய்ண்ட் முன்னால, சாகா ஓடின ஓட்டத்துல எல்லாம் மறந்துட்டேன். இன்னிக்கு பட்டிப்பொங்கலுக்கு தோட்டத்துல இருக்கறப்ப இன்னொண்ணு படிச்சேன், ஷக்தார் ஓனரு அந்தக் காசுல 25 மில்லியன் டாலரை மரியுபோல்ல சண்டை போட்ட சிப்பாய்ங்க வைத்தியத்துக்கும் செத்தவங்க குடும்பத்துக்கும் குடுக்கறாராம். நல்லா ஆடட்டும் பையன், நம்ம மேல மட்டும் கோல் போடாம. 22ம் தேதி ஞாயித்துக்கெழமை மான்செஸ்டர் யுனைடெட் மேட்ச், பத்து மணிக்குத்தான். ஈரோடு அண்ணா, வந்தீங்கன்னா எங்கூட்டுலயே பாக்கலாம், பொள்ளாச்சி அண்ணாவையும் கூட்டிட்டு வாங்க.