கண்ணீர்ப் பெயர் கொண்ட இரண்டு பூக்கள்

செப்டம்பர் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காஸ் பீடபூமியில் இரண்டு மணி நேரம் தனியாக நடந்தேன். மகாராஷ்டிரத்தின் சாத்தாரா நகரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில், ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது இந்தப் பாறைவெளி. 2012-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 பகுதிகளில் இதுவும் ஒன்று. பூக்காலத்தில் நாளொன்றுக்கு 3,000 பேருக்குத்தான் அனுமதி என்பதால் முன்பதிவு செய்துகொண்டு போவது நல்லது. முடிந்தால் வார நாளில் போங்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது மூடுபனி. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. படங்களில் பார்த்த ஊதாப் பூக்கம்பளத்துக்காகத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன். அதைக் காண வழியில்லாததால் தரையைப் பார்த்தபடி நடந்தேன். ஓரிடத்தில் சிறு நீலப் பூக்கள் கூட்டமாக நிற்க, கிட்டத்தில் பார்க்கும் ஆசையில் பாதையை விட்டு ஓரடி உள்ளே வைத்துவிட்டேன்.

“தாயீ!” என்று ஒரு குரல். மராத்தியில் அக்கா என்று பொருள். காவலுக்கு நின்ற பெரியவர் வந்து, கோபப்படாமல் என் காலடியைக் காட்டினார். ஈர மண்ணில் செருப்பின் அச்சு, அதற்குள் ஐந்தாறு பூக்காம்புகள் மடிந்து கிடந்தன. விரல் நுனியால் அந்த மண்ணைத் தொட்டுக் காட்டினார். அரை விரல் ஆழம்கூட இல்லை, கீழே செம்பூரான் கல். எனக்குத் தொண்டை அடைத்தது.

அந்த நீலப் பூவுக்கு மராத்தியில் ‘சீதேச்சி ஆசவே’, அதாவது சீதையின் கண்ணீர் என்று பெயர் சொன்னார். தாவரவியலில் இது யூட்ரிகுலேரியா. சுண்டுவிரல் நகத்தளவுகூட இல்லாத பூ, பார்க்க அத்தனை சாது. ஆனால் இதற்கு வேர் கிடையாது. மண்ணுக்குள் கடுகைவிடச் சிறிய பைகள் இருக்கின்றன. ஈரத்தில் நெளியும் நுண்ணுயிர் ஒன்று பையின் வாயருகே உரசினால் போதும், கண்ணிமைப்பதற்கு முன் நீரோடு உள்ளே இழுத்துவிடும்.

அதே பாறைக் கசிவில் இன்னொன்றும் நின்றது. நூல்போல் மெலிந்த இலைகள், அவற்றில் சிவந்த மயிர்கள், ஒவ்வொரு மயிர் நுனியிலும் ஒரு துளி. பனித்துளி என்றுதான் எவரும் நினைப்பார்கள். பையிலிருந்த உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். ஒரு கொசு ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு கால் மட்டும் இன்னும் அசைந்தது. சுற்றியிருந்த மயிர்கள் அதன் பக்கமாகச் சாய்ந்திருந்தன. தமிழில் இதற்கு அழுகண்ணி என்று பெயர். பெரியவரிடம் சொல்லிப் பொருளையும் விளக்கினேன். “உங்கள் ஊரிலும் அழுகைதானா?” என்று வியந்து, அந்தப் பெயரை இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

இரண்டு மொழிக்காரர்களும் கண்ணீர் என்று பெயர் வைத்த இரண்டு செடிகளும் பூச்சி தின்பவை. காரணம் இந்தப் பாறைதான். பெருமழை மண்ணின் சத்தையெல்லாம் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. நைட்ரஜன் வேண்டுமென்றால் இந்த இரண்டும் உயிரைப் பிடித்துத்தான் பெற வேண்டும். காஸில் 850-க்கும் மேற்பட்ட பூக்கும் தாவர வகைகளைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். இந்தக் குட்டைச் செடிகள் இங்கே நிலைத்திருப்பதற்கு அந்த ஏழ்மையே பாதுகாப்பு. வளமான மண்ணாக இருந்தால் உயரமான புல் வந்து எல்லாவற்றையும் மூடியிருக்கும். ‘வெறும் பாறை, தரிசு’ என்று ஒரு நிலத்தைத் தள்ளிவிடுகிறவர்களை இங்கே ஒருமுறை மண்டியிட வைக்க வேண்டும் என்று தோன்றியது.

பிறகு பழைய ராஜமார்க்கத்தின் வழியே குமுதினி குளம் வரை போய்வந்தேன். இதழ் விளிம்பெல்லாம் பஞ்சிழை தொங்கும் வெள்ளைப் பூக்கள் நீர்மேல் மிதந்தன. வழியில் கார்வி புதர்கள். இங்குள்ள டோப்லி கார்வி ஏழாண்டுக்கு ஒருமுறை பூப்பது, நம் பன்னிரண்டாண்டுக் குறிஞ்சிக்கு உறவு. அன்று வெறும் இலைகள்தாம்.

திரும்பும்போது பனி விலகி, கம்பளம் முழுதும் கண்ணுக்கு எட்டியவரை விரிந்தது. நான் முதலில் தேடியது அந்தச் செருப்பின் அச்சை. காம்புகள் சாய்ந்தே கிடந்தன. ஒன்று மட்டும் பாதி நிமிர்ந்திருந்தது.