நடைமேடை விளிம்பில் நீங்கள் பார்த்தது

கடைசிப்பெட்டி:
ராத்திரி வண்டி. பெஞ்சில் ஒருவர் நல்ல போதையில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். திடீரென்று எழுந்தார். தள்ளாடவே இல்லை. எதிரே வாசல் இருக்கிற மாதிரி நேராக நடந்தார், மஞ்சள் கோட்டையும் தாண்டி. பலகையில் அடுத்த வண்டிக்கு 3 நிமிடம். இரண்டு பேர் குப்புறப் படுத்துக் கையைக் கொடுத்து இழுத்துப் போட்டார்கள். ஒரு செருப்பு மட்டும் கீழேயே கிடந்தது. வண்டி வந்து அதன் மேல் நின்றது, நாங்களும் ஏறிக்கொண்டோம். அந்தச் செருப்புதான் இன்னும் கண்ணில் நிற்கிறது. விளிம்பு நெடுகத் தடுப்பு, வண்டி நின்றால் மட்டும் திறக்கிற மாதிரி ஒரு கதவு வைத்தால் தீர்ந்தது. ஏன் வைக்க மாட்டேன் என்கிறார்கள்?

தூண்மறைவு:
ஒரு கதவா? சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். தூணுக்கும் விளிம்புக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கும் இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். வண்டி உரசுகிற மாதிரி போனது, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். அங்கே கதவை எங்கே நடுவது? நியூயார்க் மெட்ரோவில் கணக்குப் போட்டு 2022-இல் வெளியிட்டார்கள். 472 நிலையங்களில் 128-இல்தான் சாத்தியம், அதற்கே சுமார் 700 கோடி டாலர். குறுகிய நடைமேடை, எடை தாங்காத பழைய தளம், வண்டிக்கு வண்டி கதவு வேறு வேறு இடத்தில். கட்டும்போதே வைப்பது வேறு கதை, சிங்கப்பூர் 1987-இல் செய்தது அதுதான்.

சின்னவிரல்:
பழசு என்றால் முடியாதா? பாரிஸின் முதல் மெட்ரோ பாதை 1900-இல் திறந்தது. 2011-க்குள் எல்லா நிலையத்திலும் பாதி உயரக் கதவு வைத்துவிட்டார்கள். ஹாங்காங்கில் பயணத்துக்கு 10 சென்ட் கூடுதலாக வாங்கிச் செலவில் ஒரு பகுதியை ஈடுகட்டினார்கள். கூட்டம் நெருக்கியதில் என் மகளின் கை நழுவி, கடைசியில் ஒற்றை விரல்தான் பிடியில் இருந்தது. அன்று யாராவது கேட்டிருந்தால் 10 சென்ட் என்ன, டிக்கெட்டுக்கு இரண்டு மடங்கே கொடுத்திருப்பேன்.

ராப்பணி:
சண்டை போடாதீர்கள் நண்பர்களே. என் அனுபவம் ஒரே வரி: போன் விழுந்தது, எடுக்கக் குனிந்தேன், யாரோ காலரைப் பிடித்து இழுத்தார். அதனால் சொல்கிறேன், எது விழுந்தாலும் இறங்காதீர்கள். பல ஊர்களில் மின்சாரம் போவது, சக்கரம் ஓடும் இரண்டுக்கும் பக்கத்தில் இருக்கும் மூன்றாவது தண்டவாளத்தில், 600 முதல் 750 வோல்ட். ஊழியரிடம் சொல்லுங்கள், நீளக் கொக்கி வைத்திருப்பார்கள். ஆள் விழுந்தாலும் முதலில் அவசர பொத்தான், அப்புறம்தான் மற்றது. தலையைக் குனிந்து போன் பார்த்துக்கொண்டே விளிம்போரமாக நடக்காதீர்கள், காதில் இரண்டு பக்கமும் அடைத்துக்கொள்ளாதீர்கள், வண்டி நிற்கும் வரை சுவரோரம் நில்லுங்கள். இன்னொன்று, மேற்கு ஜப்பான் ரயில்வே விழுந்தவர்களின் கேமரா பதிவுகளை ஆராய்ந்தது. குடித்தவர்களில் பெரும்பாலோர் விளிம்பில் தள்ளாடி விழவில்லை, பெஞ்சிலிருந்து எழுந்து நேரே நடந்து விழுந்திருக்கிறார்கள். 2015 முதல் பெஞ்சுகளைத் தண்டவாளத்துக்குக் குறுக்குவாட்டில் திருப்பிப் போட ஆரம்பித்தார்கள். அதற்குக் கோடிகள் வேண்டாம், ஸ்பானர் போதும்.

கடைசிப்பெட்டி:
இதைப் படித்ததும் நேற்று அதே நிலையத்தில் போய்ப் பார்த்தேன். அந்த பெஞ்ச் இன்னும் தண்டவாளத்தைப் பார்த்துதான் இருக்கிறது.