சங்கத்தின் சுற்றறிக்கை எங்கள் கிளப்புக்கு மட்டும் வருவதில்லை, 9 பேரின் என்ட்ரி போச்சு. எங்கே கோளாறு?

நெட்கார்ட்:

வணக்கம். ஒரு சின்ன பேட்மின்டன் கிளப்புக்குப் போன வருடக் கடைசியில் செயலாளர் ஆனேன். கூட்டத்துக்கு லேட்டாகப் போனேன், என் தலையில் கட்டிவிட்டார்கள் என்பதுதான் உண்மை. மொத்தம் 140 பேர், அதில் போட்டிகளுக்குப் போகிறவர்கள் நாற்பதுக்குள் இருப்பார்கள், எல்லாருமே வேலை, படிப்பு முடிந்து சாயந்திரம் வந்து ஆடுகிறவர்கள்.

வீரர்களின் வருடாந்திரப் பதிவை இந்த முறை புதிய இணையதளத்தில் புதுப்பிக்க வேண்டும், பழைய எண் செல்லாது என்று எங்கள் சங்கம் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. எங்களுக்கு அது வரவே இல்லை. ஓப்பன் டோர்னமென்டுக்கு என்ட்ரி போட உட்கார்ந்தபோதுதான் 9 பேரின் எண்ணையும் 'செல்லாது' என்று சிவப்பில் காட்டியது. என்ட்ரி முடிய 2 மணி நேரம்தான் பாக்கி. சங்கத்துக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. பக்கத்து கிளப் செயலாளரைக் கேட்டால் "மூன்று வாரம் முன்னாடியே மெயில் வந்ததே" என்கிறார்.

இந்தச் சில மாதங்களில் இது மூன்றாவது முறை. மெயிலில் சங்கத்தின் பெயரைப் போட்டுத் தேடியும் பார்த்துவிட்டேன், ஒன்றும் இல்லை. வேண்டுமென்றே லிஸ்டிலிருந்து தூக்கிவிட்டார்கள் என்று எங்கள் கமிட்டியில் பேச்சு. போன சங்கத் தேர்தலில் யாருக்கு ஓட்டுப் போட்டோம் என்பதுவரை போய்விட்டது.

கோபத்தில் நேற்று ராத்திரி அந்த 9 பேரின் பெயர், பிறந்த தேதி, பதிவு எண் எல்லாம் உள்ள எக்செல் ஷீட்டைப் படமெடுத்துச் சங்கத்தின் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டு நியாயம் கேட்டிருக்கிறேன். 40 லைக் வந்திருக்கிறது, பதில் ஒன்றும் இல்லை. அடுத்து என்ன செய்வது?

மூன்றாவது_செட்:

அடுத்து அந்தப் படத்தை ஃபேஸ்புக்கிலிருந்து எடுப்பது. மற்றதெல்லாம் அப்புறம். 9 பேரில் பதினெட்டு வயதுக்குக் கீழே எத்தனை பேர்? அவர்களுடைய பிறந்த தேதியும் பதிவு எண்ணும் ஊர் பார்க்கிற இடத்தில் கிடக்கிறது, நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் அந்தப் பிள்ளைகளின் பெற்றோருக்கு நாளைக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். எடுத்துவிட்டு வாருங்கள், பேசுவோம்.

நெட்கார்ட்:

எடுத்துவிட்டேன். 4 பேர் ஜூனியர். யோசிக்காமல் செய்துவிட்டேன், தப்புதான்.

கோர்ட்_மூலை:

எனக்கு ஒன்று புரியவில்லை. சங்கத்தின் இணையதளத்தில் போட்டிருப்பார்கள் இல்லையா? வாரம் ஒருமுறை போய்ப் பார்ப்பது செயலாளரின் வேலைதானே. எல்லாவற்றுக்கும் சங்கத்தைத் திட்டுவது நமக்கெல்லாம் பழக்கமாகிவிட்டது.

நெட்கார்ட்:

போட்டிருக்கிறார்கள், இப்போது பார்த்தேன். 'அறிவிப்புகள்' பகுதியில் ஸ்கேன் பண்ணிய பிடிஎஃப், கோப்பின் பெயர் வெறும் 'சுற்றறிக்கை-புதியது-2'. உள்ளே எழுத்தெல்லாம் படமாக இருக்கிறது, 'பதிவு' என்று தேடினால் எப்படிக் கிடைக்கும்? கடைசித் தேதி இரண்டாம் பக்கத்தில் கையெழுத்துக்கு மேலே ஒரு வரியில் இருக்கிறது. ஆனாலும் நீங்கள் சொல்வதும் சரிதான், நான் போய்ப் பார்க்கவில்லை.

மூன்றாவது_செட்:

சரி, சதியா கோளாறா என்று பார்ப்போம். மூன்று கேள்வி. சங்கத்தின் பதிவேட்டில் உங்கள் கிளப்புக்கு எந்த மெயில் முகவரி இருக்கிறது? அது நிஜமான மெயில் பெட்டியா, இல்லை வேறு எங்காவது திருப்பிவிடப்பட்ட பெயர் மட்டும்தானா? ஸ்பேம் பெட்டிக்குள் போய்ப் பார்த்தீர்களா? ஜிமெயிலில் சாதாரணமாகத் தேடினால் ஸ்பேமில் இருப்பது வராது, அதனால் "தேடினேன், இல்லை" என்பதை நான் கணக்கில் எடுக்க மாட்டேன்.

நெட்கார்ட்:

அட! ஸ்பேமில் இருக்கிறது. அந்தச் சுற்றறிக்கையேதான், மூன்று வாரத்துக்கு முந்தைய தேதி. அதற்கு முந்தைய இரண்டும் இல்லை.

முகவரி கிளப்பின் சொந்த டொமைனில் இருப்பதுதான். முன்பு இருந்த செயலாளர் அதற்கென்றே ஒரு மெயில் பெட்டி வைத்திருந்தார். நான் வந்தபிறகு, இரண்டு இடத்தில் எதற்குப் பார்க்க வேண்டும் என்று என் ஜிமெயிலுக்கு ஃபார்வர்டு போட்டுவிட்டேன். மற்ற மெயிலெல்லாம் ஒழுங்காக வருகிறது. சங்கத்தின் மெயில் மட்டும் எதற்கு ஸ்பேமுக்குப் போக வேண்டும்?

மூன்றாவது_செட்:

முந்தைய இரண்டும் இல்லாததற்குக் காரணம், ஜிமெயில் ஸ்பேமில் 30 நாள் வைத்திருந்து தானே அழித்துவிடும். இப்போது அந்த மெயிலைத் திறந்து, மூன்று புள்ளியைத் தொட்டு, 'அசலைக் காட்டு' என்பதை எடுங்கள் (கம்ப்யூட்டரில் செய்யுங்கள், போன் ஆப்பில் கிடைக்காது). மேலே எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று வரும், மெயில் நிஜமாகவே அந்த முகவரிக்காரர் அனுப்பியதுதானா என்று பார்க்கிற மூன்று சோதனைகள். எதிரே என்ன இருக்கிறது?

நெட்கார்ட்:

எஸ்பிஎஃப்: சாஃப்ட்ஃபெயில். டிமார்க்: ஃபெயில். டிகேஐஎம் என்ற வரியே இல்லை.

மூன்றாவது_செட்:

அப்படியென்றால் உங்களை யாரும் லிஸ்டிலிருந்து தூக்கவில்லை. கமிட்டியில் சொல்லிவிடுங்கள், தேர்தலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

எஸ்பிஎஃப் என்பது வாசலில் நிற்கிற வாட்ச்மேனிடம் கொடுத்துவைத்த வண்டி நம்பர் பட்டியல் மாதிரி. "எங்கள் கடிதம் இந்த வண்டிகளில்தான் வரும்" என்று சங்கத்தின் டொமைன் எழுதி வைத்திருக்கிறது. பக்கத்து கிளப் செயலாளர் தன் ஜிமெயில் முகவரியையே பதிவில் கொடுத்திருப்பார், அவருக்குச் சங்கத்தின் வண்டி நேராகப் போகிறது, நம்பர் சரியாக இருக்கிறது, உள்ளே விடுகிறார்கள். உங்களுக்கு வருவது முதலில் உங்கள் கிளப்பின் சர்வரில் இறங்கி, அங்கிருந்து வண்டி மாறி ஜிமெயிலுக்கு வருகிறது. அந்த வண்டி நம்பர் சங்கத்தின் பட்டியலில் இல்லை.

டிகேஐஎம் என்பது கடிதத்தின்மேல் வைக்கிற அரக்கு முத்திரை. வண்டி மாறினாலும், நடுவில் யாரும் உள்ளடக்கத்தை மாற்றாதவரை, முத்திரை அப்படியே இருக்கும். சங்கம் அந்த முத்திரையை வைப்பதே இல்லை. அப்புறம் இந்த இரண்டில் ஒன்றாவது தேறினால்தான் டிமார்க் தேறும். உங்கள் விஷயத்தில் இரண்டுமே இல்லை, நேரே ஸ்பேம். மற்ற மெயில்கள் ஒழுங்காக வருவது, அவற்றை அனுப்புகிறவர்கள் முத்திரை வைப்பதால்தான்.

சங்கத்துக்கு இது தெரிந்திருக்கவும் வாய்ப்பில்லை. 2024 பிப்ரவரியில் ஜிமெயில் விதியை இறுக்கியபோது, ஒரு நாளில் 5000-க்கு மேல் அனுப்புகிறவர்களுக்குத்தான் மூன்றையும் கட்டாயமாக்கியது. சின்ன அளவில் அனுப்புகிறவர்களுக்கு எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டில் ஒன்று இருந்தால் போதும். சில நூறு கிளப்புகளுக்கு அனுப்புகிற சங்கத்துக்கு எல்லாம் நன்றாகப் போய்ச் சேர்வதாகத்தான் தோன்றும், ஃபார்வர்டு போட்ட கிளப்புகள் மட்டும் சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருக்கும்.

தீர்வு: ஃபார்வர்டை எடுத்துவிட்டுப் பழைய மெயில் பெட்டியையே மறுபடி திறந்து, போனில் இரண்டாவது கணக்காகச் சேருங்கள். அது வரைக்கும் ஜிமெயிலில் சங்கத்தின் முகவரிக்கு ஒரு ஃபில்டர் போட்டு 'ஒருபோதும் ஸ்பேமுக்கு அனுப்பாதே' என்று வையுங்கள். பதிவேட்டில் உங்கள் சொந்த ஜிமெயிலை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், அடுத்த வருடம் வேறொருவர் தலையில் கட்டும்போது அவரும் இங்கே வந்து இதே கேள்வியைக் கேட்பார்.

ஷட்டில்_டப்பா:

இந்தக் காலத்தில் மெயிலை யார் பார்க்கிறார்கள்? எல்லா கிளப்பையும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு போட்டு அதிலேயே அனுப்பினால் கதை முடிந்தது.

மேசைக்கு_அந்தப்பக்கம்:

வேறொரு விளையாட்டின் சங்கத்தில் என்ட்ரி வேலை பார்க்கிறேன், சம்பளம் கிடையாது, நாங்கள் இரண்டே பேர். நீங்கள் சொன்னதை இரண்டு வருடம் செய்து பார்த்தோம். திங்கட்கிழமை சுற்றறிக்கை போடுவோம், செவ்வாய்க்கிழமைக்குள் அதன்மேல் பிறந்தநாள் வாழ்த்து, கை கூப்பிய படம், "என்ட்ரி எப்போது முடிகிறது" என்ற கேள்வி எல்லாம் ஏறிவிடும். செயலாளர் மாறினால் பழையவர் குழுவிலேயே இருப்பார், புதியவரை யாரும் சேர்த்திருக்க மாட்டார்கள், சேர்த்தாலும் அதற்குமுன் போட்டது அவர் போனில் தானாக வராது. கடைசியில் அட்மின் மட்டும் எழுதும்படி மாற்றி, அதில் இணைப்பை மட்டும் போடுகிறோம், சுற்றறிக்கை மெயிலிலும் தளத்திலும்தான். தகராறு வந்தால் காட்டுவதற்குத் தேதியோடு ஒரு ஆதாரம் வேண்டும் இல்லையா.

நெட்கார்ட், உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். எங்களுக்கு வருகிற மெயிலில் பாதி "சார், என் பையன் பேர் லிஸ்டில் இல்லை, உடனே பார்க்கவும்" என்ற ஒரே வரி. எந்தப் பையன், எந்தப் போட்டி, எந்தப் பிரிவு என்று கேட்டு, பதில் வருவதற்குள் டிரா (யார் யாரோடு ஆடுவது என்ற பட்டியல்) போட்டுவிடுவோம். நீங்கள் எழுதும்போது தலைப்பிலேயே போட்டியின் பெயர், கிளப் பதிவு எண், '9 பேர்' என்று போடுங்கள். உள்ளே ஆளுக்கு ஒரு வரி, பதிவு எண்ணும் பிரிவும். அப்புறம் அந்த 'அசலைக் காட்டு' பக்கத்தை இணைத்து, எங்களுக்கு ஏன் கிடைக்கவில்லை என்று இரண்டு வரி. ஃபேஸ்புக்கில் திட்டியதைப் பற்றி எழுத வேண்டாம், அவர்கள் பார்த்திருப்பார்கள்.

கேட்பதையும் நேராகக் கேளுங்கள்: பதிவைத் தாமதமாக ஏற்க முடியுமா, டிராவில் இடமில்லை என்றால் ரிசர்வ் பட்டியலில் சேர்க்க முடியுமா. "நடவடிக்கை எடுக்கவும்" என்று முடித்தால் எங்களுக்கு என்ன நடவடிக்கை என்றே தெரியாது.

நெட்கார்ட்:

மிக்க நன்றி, அப்படியே எழுதுகிறேன். அதற்குள் இன்னொரு தலைவலி. எங்கள் குழுவில் ஒரு ஸ்கிரீன்ஷாட் சுற்றுகிறது, 'என்ட்ரி ஞாயிறு இரவு வரை நீட்டிப்பு' என்று சங்கத்தின் லெட்டர்ஹெட்டில். எல்லாரும் "பயப்படாதீர்கள் அண்ணா, டைம் இருக்கு" என்கிறார்கள். மேலே தேதி இருக்கிற இடம் வெட்டப்பட்டிருக்கிறது, இரட்டை அம்புக்குறி வேறு போட்டிருக்கிறது.

பழைய_அம்பயர்:

இரட்டை அம்புக்குறி என்றால் அது ஏற்கனவே பலமுறை கைமாறி வந்தது. தேதி வெட்டிய சுற்றறிக்கை பெரும்பாலும் போன வருடத்தது. தளத்தில் பழைய அறிவிப்புகளைப் பாருங்கள், இருக்கும்.

நம் விளையாட்டில் இது புதிதில்லை. யார் சர்வீஸ் போட்டாலும் ஜெயித்தவருக்குப் புள்ளி என்கிற 21 புள்ளி ராலி முறை 2006-ல் வந்தது. அதற்கப்புறம் 11 புள்ளி, 5 கேம் என்று மாற்ற உலகக் கூட்டமைப்பு 2018-லும் 2021-லும் ஓட்டுக்கு விட்டது. இரண்டு முறையும் நிறைவேறவில்லை, 2021-ல் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டிய இடத்தில் 66.31 சதவீதம் கிடைத்து மயிரிழையில் போனது. ஆனால் 'முன்மொழிவு' என்ற வார்த்தையை வெட்டிவிட்டு எங்கள் குழுக்களில் சுற்றிய படத்தை நம்பி, ஒரு உள்ளூர்ப் போட்டியில் 11 புள்ளிக்கு ஸ்கோர் ஷீட் அச்சடித்தே கொண்டுவந்தார்கள். நான்தான் அம்பயர் நாற்காலியில் உட்கார்ந்து கையால் 21 வரை கோடு போட்டேன்.

குழுவில் எதைப் போட்டாலும் படமாகப் போடாதீர்கள், தளத்தில் உள்ள இணைப்பைப் போடுங்கள். கூடவே வெளியான தேதி, எந்தத் தேதியிலிருந்து அமல், நாம் எந்தத் தேதிக்குள் என்ன செய்ய வேண்டும், இந்த மூன்றையும் கையால் தட்டச்சு செய்யுங்கள். மாதத்தை எழுத்தில் எழுதுங்கள், 03/04 என்று போட்டால் மார்ச்சா ஏப்ரலா என்று ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்வார்கள்.

நெட்கார்ட்:

பார்த்தேன், போன வருடத்தது தான். குழுவில் இணைப்போடு போட்டுவிட்டேன். "அப்போ ஞாயிறு வரை இல்லையா" என்று இன்னும் மூன்று பேர் கேட்கிறார்கள்.

நெட்கார்ட் (4 நாள் கழித்து):

என்ன ஆனது என்று சொல்லிவிடுகிறேன். மேசைக்கு அந்தப்பக்கத்தவர் சொன்ன மாதிரியே எழுதினேன், மறுநாள் காலையே பதில் வந்தது. டிரா போட்டாகிவிட்டது, அதில் சேர்க்க முடியாது, 9 பேரின் பதிவையும் புதுப்பித்து ரிசர்வில் வைக்கிறோம் என்றார்கள். இதுவரை 3 பேருக்கு இடம் கிடைத்திருக்கிறது, இருவர் சிங்கிள்ஸ், ஒருவர் மிக்ஸ்டு டபுள்ஸ், அவருடைய பார்ட்னர் வேறு கிளப் என்பதால் பதிவு சரியாக இருந்தது. மீதி 6 பேர் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.

சங்கத்தின் தளத்தைப் பார்க்கிறவர் அந்த 'அசலைக் காட்டு' படத்தைப் பார்த்துவிட்டுப் போன் செய்தார். இதே மாதிரி இன்னும் சில கிளப்புகள் புகார் சொன்னதாகவும், அவர்கள் ஸ்பேமைப் பார்க்கவில்லை என்றே நினைத்ததாகவும் சொன்னார். மெயில் அனுப்புகிற சேவையில் டிகேஐஎம் ஒரு டிக் போடாமல் விட்டதுதானாம். நேற்று சோதனைக்கு ஒரு மெயில் அனுப்பினார், பழைய பெட்டிக்கும் வந்தது, வேண்டுமென்றே விட்டுவைத்த ஃபார்வர்டு வழியாகவும் இன்பாக்சுக்கே வந்தது. டிகேஐஎம் பாஸ், டிமார்க் பாஸ். இனி ஃபார்வர்டை எடுத்துவிடுகிறேன்.

மூன்றாவது_செட்:

எடுப்பதற்கு முன்னால் பழைய பெட்டியின் பாஸ்வேர்டு உங்களைத் தவிர இன்னொருவரிடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

நெட்கார்ட்:

இல்லை. பொருளாளருக்கு இன்றைக்கே கொடுக்கிறேன்.