வேலை நாள் ராத்திரியில் சிக்கன் சீஸ் பாஸ்தா: மறக்க முடியாத ஒரு அனுபவம் சொல்லுங்க

பாளை மருமகள்
போன புதன்கிழமை. ஆபீஸ் விட்டு ஏழரைக்கு வந்தேன், பிள்ளைங்களுக்கு மறுநாள் பரீட்சை. சிக்கன் வதக்கியாச்சு, பாஸ்தா வெந்தாச்சு, கிரீமையும் ஊத்தியாச்சு. வீடியோவுல பார்த்த மாதிரி நல்லா கொதிக்க வைக்கலாம்னு தீயைக் கூட்டப் போறேன், அத்தை பின்னாடியே வந்து அடுப்பை அணைச்சிட்டாங்க. "சொதிக்கு முதல் தேங்காய்ப்பால் விட்டபிறகு தளதளன்னு கொதிக்க விடுவியாம்மா?" அவ்வளவுதான் கேட்டாங்க. திருகிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

அத்தை பாஸ்தாவை வாயில வச்சதில்லை. சீஸ் வாசனை வந்தாலே வாசல் திண்ணைக்குப் போயிருவாங்க. ஆனா அணைச்ச அடுப்புல, அந்தச் சட்டிச் சூட்டுலயே சீஸைத் துருவிப் போட்டுக் கிளறினேன், ஒரு பொட்டு கூட திரியாம வழவழன்னு சேர்ந்துச்சு. மறுவீட்டுக்குச் சொதி வச்ச கை அது. அந்தக் கேள்வி எனக்குள்ள இன்னும் ஓடிக்கிட்டே இருக்கு, அதான் எழுதுறேன். உங்க வீட்டுல இப்படி யாராவது?

மேட்டுத்திடல் வாசி
எனக்கு வீட்டுல இல்லக்கா, கறிக்கடையில. மேலப்பாளையத்துல எப்பவும் வாங்குற கடை. "எலும்பில்லாம நெஞ்சுக்கறி அரைக் கிலோ, கிரீம்ல போடப் போறேன்"னு சொன்னேன். பாய் கத்தியைக் கீழ வச்சிட்டார். "கிரீமுக்கு நெஞ்சு வேண்டாம் தங்கச்சி, சக்கையாப் போயிரும். தொடையில எலும்பு எடுத்துத் தாரேன்." பின்னால கூட்டம் நிக்குது, அவர் நிதானமா ஒவ்வொரு தொடையா எலும்பை உருவுறார். விலை ஒண்ணும் கூட்டல. அன்னைக்கு ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டோம், ஒன்பதரைக்கு வந்த எங்க வீட்டுக்காரர் தட்டுலயும் கறி அதே மெதுவா இருந்துச்சு.

நெஞ்சுக்கறிதான் வேணும்னா இப்படிச் செய்யுங்க. ரெண்டு விரல் அகலத்துக்கு நறுக்கி, உப்பு மிளகு தடவி, சட்டி நல்லா காஞ்சதும் போட்டுச் சிவக்க வதக்குங்க. நடுவுல ஒரு துண்டை வெட்டிப் பாருங்க, சிவப்பு இல்லாம வெந்ததும் தனியா எடுத்து வச்சிருங்க. சாஸ் முடிஞ்சு பாஸ்தாவும் சேர்ந்த பிறகு கடைசியில போட்டால் போதும். சாஸ்லயே கிடந்து வேகக்கூடாது. ஒட்டியிருக்கிற அந்தச் சட்டியைக் கழுவிராதீங்க, அதுலயே பூண்டைப் போட்டு வதக்குங்க. ருசி பூரா அங்கதான் இருக்கு.

வள்ளியூர் அண்ணாச்சி
பாளை அக்கா சொன்னதுல எனக்குக் கொஞ்சம் மாறுபாடு உண்டு. தீயை அணைச்சது மட்டும் காரணம் இல்லை. மச்சான் சார்ஜாவுல இருந்து லீவுல வந்தப்ப அங்க செய்யுத மாதிரியே இங்க செஞ்சான். அங்க கிரீமைக் கொதிக்க விட்டுச் சுண்ட வைப்பானாம், ஒண்ணும் ஆகாதாம். இங்க தட்டுல எண்ணெய் தனி, திப்பி தனி. அக்கா பிள்ளைகள் சுத்தி உக்காந்து பார்த்துக்கிட்டு இருக்கு, அவன் கரண்டியைப் பிடிச்சபடி நின்ன நிலை எனக்கு இன்னும் மனசைப் பிசையுது.

விஷயம் கொழுப்புல இருக்கு. நம்ம கடையில கிடைக்கிற அமுல் கிரீம் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க, 25 சதவீதம் கொழுப்புன்னு போட்டிருக்கும். வெளிநாட்டு வீடியோவுல ஊத்துற கிரீம் 35 சதவீதத்துக்கு மேல. கொழுப்பு கூடுதலா இருந்தா கொதியைத் தாங்கும், குறைஞ்சா சீக்கிரம் திரியும். தக்காளி, எலுமிச்சை மாதிரி புளிப்பு சேர்ந்தா இன்னும் வேகமா. சொதிக்கும் எலுமிச்சையை இறக்கின பிறகுதானே பிழியுதோம்? அதனால வீடியோவுல 'கொதிக்க விடுங்க'ன்னு சொன்னா நம்ம ஊரு பாக்கெட்டுக்கு அது பொருந்தாது. இன்னொண்ணு, பாஸ்தா வெந்த தண்ணியைக் கீழ ஊத்தாதீங்க. 100 கிராமுக்கு ஒரு லிட்டர்னு சொல்லுவாவ, நான் கொஞ்சம் குறைச்சுத்தான் வைப்பேன், தண்ணி கட்டியா வரும். அதுல இறங்கியிருக்கிற மாவுதான் கொழுப்பையும் தண்ணியையும் பிரிய விடாமச் சேர்த்து வைக்கும். அரைக் கரண்டி போதும். பாக்கெட்டுல போட்டிருக்கிற நேரத்துக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடியே எடுத்திருங்க, மிச்சம் சாஸ்ல வேகட்டும்.

தென்காசி சாரல்
எல்லாரும் கிரீமைப் பிடிச்சுக்கிட்டீங்க, அக்கா எந்த சீஸ் போட்டாங்கன்னு ஒருத்தரும் கேக்கல.

என் தங்கச்சி மகன் வெறும் மொசரெல்லா மட்டும்தான் வேணும்னு அழுதான், போட்டுக் குடுத்தோம். ஒரு முள்கரண்டியில எடுத்தா முழுத்தட்டும் ஒரே கட்டியா மேல வந்துச்சு. பசியோட இருந்த பிள்ளை, பல்லால கடிச்சு இழுத்துக்கிட்டே இருந்தான். இழுவைக்கு அது சரி, சாஸ் ஆகாது. டப்பா சீஸ் கட்டிதான், அதான் பிராசஸ்டு சீஸ், ராத்திரி அவசரத்துக்கு நல்லது. அதை மட்டம்னு பேசுறவங்க மேல எனக்குக் கோபமே வரும். 1911ல சுவிட்சர்லாந்துல சிட்ரேட் உப்பு சேர்த்துச் செய்யக் கண்டுபிடிச்சது அது, சூட்டுல எண்ணெய் பிரியாம உருகுறதே அந்த உப்பால. அந்த சீஸ்லயே உப்பு இருக்கு, அதனால சாஸுக்குத் தனியா உப்பு கடைசியில ருசி பார்த்துத்தான். மொசரெல்லா வேணும்னா மேல ஒரு கைப்பிடி தூவிக்கிடுங்க.

ஹைகிரவுண்ட் நைட் டியூட்டி
நான் நர்ஸ். டியூட்டிக்குக் கிளம்புற அவசரத்துல செஞ்சு வச்சிட்டு ஒரு வாய் கூடச் சாப்பிடாமப் போயிட்டேன். காலையில வந்து பிரிட்ஜைத் திறந்தா, என் பங்கு டப்பாவுல இருக்கு, பக்கத்துலயே ஒரு டம்ளர்ல பாஸ்தா வெந்த தண்ணி, சின்னத் தட்டு போட்டு மூடி. "இறுகிப் போயிருக்கும்லா, இதை ஊத்திச் சூடு பண்ணு"ன்னு எங்க வீட்டுக்காரங்க தூக்கத்துலயே சொன்னாங்க. அடுப்படிப் பக்கம் வராத மனுஷன். நான் வடிக்கும்போது பார்த்துக்கிட்டு இருந்திருக்காங்க போல. சின்ன தீயில அந்தத் தண்ணியை ஊத்திக் கிளறினேன், முதல்ல செஞ்ச பதத்துக்கே வந்திருச்சு. நின்னபடியே முழுசும் சாப்பிட்டேன்.

பாளை மருமகள்
சாரல், நான் போட்டது டப்பா சீஸ்தான், ரெண்டு கட்டி. அண்ணாச்சி, 25 சதவீதக் கணக்கு எனக்குப் புதுசு, நன்றி. ஆனா ஒண்ணு சொல்லுதேன்: நீங்க பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்துச் சொன்னதை, அத்தை சட்டியைப் பார்த்தே சொல்லிட்டாங்க. அதையும் கணக்குல சேத்துக்கிடுங்க.

செவ்வாய், வெள்ளி எங்க வீட்டுல கறி கிடையாது. பிள்ளைங்க வெள்ளிக்கிழமைக்கும் இதையே கேக்குதாங்க. காளான் போடலாமா? தண்ணி விட்டு சாஸ் நீர்த்துப் போகாதா?

மேட்டுத்திடல் வாசி
விடும்க்கா. கிரீமுக்கு முன்னாடி காளானை மட்டும் தனியா, உப்பு போடாம, பெரிய தீயில வதக்குங்க. விட்ட தண்ணி முழுசும் வத்தி ஓரம் சிவக்கட்டும், அப்புறம் வெண்ணெய், உப்பு. கறிக்குச் சொன்ன மாதிரியே கடைசியில சேருங்க.