பொலோனியாவுக்கு இரண்டாம் முறை, இந்த முறை மெதுவான ரயிலில்

மிலானிலிருந்து பொலோனியாவுக்கு அதிவேக ரயிலில் ஒரு மணி நேரம்தான். ஊர் ஊராக நின்று போகும் ரீஜனல் ரயில் என்றால் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. சில வருடங்களுக்கு முன் வேக ரயிலில் போய் இறங்கி, அசினெல்லி கோபுரத்தின் 498 படிகளை ஏறி இறங்கி, சதுக்கத்தில் படம் எடுத்துவிட்டு சாயங்காலமே ஃபுளோரன்ஸுக்குப் போய்விட்டோம். போன அக்டோபரில் நான் மட்டும் தனியாக, வேறு எந்த ஊரும் சேர்க்காமல், பொலோனியாவுக்கு மட்டும் போனேன். ரீஜனல் ரயிலில்தான். இத்தாலிக்கு இரண்டாம் முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: புது ஊர் தேடாதீர்கள், முதல் முறை ஓடிக் கடந்த ஊருக்கே மெதுவாகப் போங்கள்.

ரீஜனலில் இருக்கை முன்பதிவு கிடையாது, கட்டணமும் கடைசி நாள் வரை ஒன்றுதான். காகித டிக்கெட் வாங்கினால் ஏறும் முன் நடைமேடையில் உள்ள சிறிய இயந்திரத்தில் முத்திரை குத்திக்கொள்ள வேண்டும்.

பியாசென்சாவுக்குச் சற்று முன் ரயில் போ ஆற்றைக் கடக்கிறது. அப்புறம் ஃபிடென்சா, பார்மா, ரெஜ்ஜோ எமிலியா, மோடெனா என்று ஊர்கள் நூல் பிடித்தாற்போல் வருகின்றன. காரணம், கி.மு. 187இல் ரோமானியக் கான்சல் மார்க்குஸ் எமிலியுஸ் லெபிதுஸ் ரிமினியிலிருந்து பியாசென்சா வரை போட்ட நேர் சாலை. அந்தச் சாலையை ஒட்டி ஊர்கள் வளர்ந்தன, ரயில் பாதையும் அதன் ஓரமாகவே போகிறது. இந்த வட்டாரத்துக்கு எமிலியா என்ற பெயரே அவர் சாலையிலிருந்து வந்ததுதான்.

பார்மாவில் ஒரு மூதாட்டி ஏறி எதிரில் உட்கார்ந்தார். எனக்குத் தெரிந்த அரைகுறை இத்தாலியனில் பேச்சுக் கொடுத்தேன். மோடெனாவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறாராம். மடியில் இருந்த பையிலிருந்து துணி சுற்றிய பார்மெசான் சீஸ் கட்டி ஒன்றை எடுத்து, அதன் தோலைத் தடவிப் பார்க்கச் சொன்னார். பெயர் முழுக்கப் புள்ளி புள்ளியாகக் குத்தப்பட்டிருந்தது. தோலைத் தூக்கிப் போடாதே, சூப் கொதிக்கும்போது உள்ளே போடு என்று கையால் கிளறிக் காட்டினார். (சுத்த சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க: அசல் பார்மெசானில் பாலைத் திரிக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டைத்தான் சேர்க்கிறார்கள். உணவகத்தில் பாஸ்தா வரும்போதே தூவி வந்துவிடும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.)

பொலோனியா நிலையத்தில் முதல் முறை நான் கவனிக்காத ஒன்று, முகப்பில் 10:25இல் நிற்கும் கடிகாரம். 1980 ஆகஸ்ட் 2 அன்று இரண்டாம் வகுப்புக் காத்திருப்பு அறையில் குண்டு வெடித்து 85 பேர் இறந்தார்கள். கோடை விடுமுறைக்குக் கிளம்பிய கூட்டம், குழந்தைகளும் உண்டு. வெடிப்பில் பிளந்த சுவரை அப்படியே விட்டிருக்கிறார்கள். இறந்தவர்களின் பெயரும் வயதும் பொறித்த பலகையை நான் படித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் வந்து நின்ற ஓர் அம்மாள், 37ஆம் எண் நகரப் பேருந்துதான் அன்று ஆம்புலன்ஸாகவும் பிண வண்டியாகவும் ஓடியது என்று சொன்னார். அந்த நாளிலிருந்து கடிகாரம் ஓடவே இல்லை என்றும் அழுத்திச் சொன்னார். உண்மையில் அதைப் பழுது பார்த்துப் பல வருடங்கள் ஓட்டியிருக்கிறார்கள். 1996இல்தான் நினைவுக்காக நிரந்தரமாக நிறுத்தினார்கள். ஆனால் அந்த ஊர்க்காரர்கள் பலருக்கும் அது என்றுமே ஓடாத கடிகாரமாகத்தான் நினைவிருக்கிறது. அதை அறிந்த பிறகு அந்த அம்மாள் மீது எனக்கு மரியாதை கூடியதே தவிரக் குறையவில்லை.

கோபுரம் ஏற நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அசினெல்லிக்குப் பக்கத்தில் சாய்ந்து நிற்கும் கரிசெந்தா கோபுரத்தின் நிலை கவலைக்கிடமாகி 2023 அக்டோபரில் சுற்றிலும் அடைத்துவிட்டார்கள், அசினெல்லியும் அத்தோடு மூடப்பட்டது. எனக்கு அது நல்லதாகவே போயிற்று. கோபுரத்துக்குப் போயிருக்க வேண்டிய நேரத்தில் சான் பெட்ரோனியோ ஆலயத்துக்குள் நுழைந்தேன்.

அங்கே தரையில் ஏறக்குறைய 67 மீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு ஓடுகிறது. 1655இல் வானியலாளர் கசினி அமைத்தது. பூமியின் சுற்றளவில் ஆறு லட்சத்தில் ஒரு பங்கு என்று கணக்கு வைத்துப் போட்டிருக்கிறார். மேலே 27 மீட்டர் உயரத்தில் கூரையில் ஒரு துளை. சூரியன் உச்சிக்கு வரும்போது அதன் வழியே விழும் ஒளிவட்டம் கோட்டைத் தொடும். பண்டிகை நாளைச் சரியாகக் கணிக்க ஆலயத்துக்கு இது தேவைப்பட்டது. கசினி இதே கருவியை வைத்து, சூரிய பிம்பம் மாதத்துக்கு மாதம் பெரிதாவதையும் சிறிதாவதையும் அளந்து, கிரகங்கள் நீள்வட்டப் பாதையில் சூரியனைச் சுற்றுகின்றன என்று கெப்ளர் சொன்னதற்குச் சாதகமாக முடிவு கண்டார். பூமி சுற்றுகிறது என்றதற்காகக் கலிலியோவைத் திருச்சபை விசாரித்துத் தண்டித்து அப்போது 22 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன, பொலோனியாவோ போப்பின் ஆட்சியில் இருந்த ஊர். அந்தக் காலத்தில், ஆலயத்துக்குள்ளேயே!

நான் போனபோது ஓர் ஆசிரியை சின்னப் பிள்ளைகளைக் கூட்டி வந்து கோட்டின் இரு பக்கமும் உட்கார வைத்திருந்தார். ஒரு மணிவாக்கில் (அக்டோபரில் அங்கே கோடைக்காலக் கடிகாரம், உச்சிப்பொழுது ஏறக்குறைய அப்போதுதான்) நீள்வட்டமாக ஒளி நகர்ந்து வந்தது. ஒரு பையன் அதன் மேல் உள்ளங்கையை வைத்தான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒளி விரல்களைத் தாண்டிப் போய்விட்டது. "நகர்வது நாம்தான்" என்று ஆசிரியை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அதுவரை நீளும் பயணம் என்றால் அலுத்துக்கொள்கிற எனக்கு, அந்தக் கல் தரையை விட்டு எழுந்திருக்க மனமே வரவில்லை.

மறுநாள் காலையிலிருந்தே மழை. பொலோனியாவில் மழைக்குக் குடை வேண்டியதில்லை. போர்ட்டிகோ என்ற வளைவு நடைபாதைகள் மொத்தம் 62 கிலோமீட்டர் இருக்கின்றன, 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. மாணவர்களும் குடியேறியவர்களும் பெருகி இடம் போதாமல் போகவே, மாடியைத் தெருப்பக்கம் நீட்டித் தூண் கொடுத்ததில் தொடங்கிய பழக்கம். 1288இல் புது வீடு கட்டுகிறவர்கள் போர்ட்டிகோ வைத்தே ஆக வேண்டும் என்று நகரச் சட்டமே வந்தது. இன்றும் பெரும்பாலும் இடம் வீட்டுக்காரருடையது, நடக்கும் உரிமை எல்லோருக்கும்.

அந்த மழையிலேயே சான் லூக்கா குன்றுக்கு நடந்தேன். உச்சி வரை போர்ட்டிகோதான்: 666 வளைவுகள், கிட்டத்தட்ட நான்கு கிலோமீட்டர், 1674இல் கட்டத் தொடங்கியது. மெலொன்செல்லோ வளைவு வரை சமதளம், பிறகு நல்ல ஏற்றம், முழங்கால் வலி உள்ளவர்கள் நிதானமாக ஏறுங்கள். ஏற்றத்தில் ஒரு வயதான தம்பதி நின்று நின்று வந்தார்கள். அவர்களோடு நானும் நின்றேன். 1433இல் மழை விடாமல் பெய்து பயிர் அழியும் நிலை வந்தபோது குன்றிலிருந்த மாதா படத்தை ஊருக்குள் எடுத்து வந்தார்களாம், மழை நின்றதாம். இன்றும் ஆண்டுதோறும் ஊர்வலம் உண்டு, அது நனையாமல் வரத்தான் இவ்வளவு நீளக் கூரை என்று பெரியவர் தூணைத் தட்டிக் காட்டினார். அவர் மனைவிக்கு வேறு அக்கறை: கீழே இறங்கியதும் என்ன சாப்பிடப் போகிறாய்? ஸ்பாகெட்டி என்று மட்டும் சொல்லிவிடாதே, இங்கே ராகூ என்ற இறைச்சிக் குழம்புக்கு தல்யதெல்லே என்ற நாடா பாஸ்தாதான் என்றார். இறைச்சி வேண்டாம் என்றதும், ரிக்கோத்தா சீஸ் உள்ளே வைத்த தொர்தெல்லோனி பாஸ்தாவை வெண்ணெயிலும் சேஜ் இலையிலும் கேட்கச் சொன்னார். கேட்டேன், அருமை.

அடுத்த முறையும் பொலோனியாவிலேயே தங்கி, அங்கிருந்து ரீஜனல் ரயிலில் ராவென்னா மொசைக்குகளைப் பார்த்து வரலாம் என்று இருக்கிறேன். போய் வந்தவர்கள் இருந்தால், ஒரு பகல் போதுமா, அல்லது அங்கேயும் ஓரிரவு தங்க வேண்டுமா என்று எழுதுங்கள்.