விண்டோஸ் 11 அப்கிரேட் பாதியில நிக்குது, அவசரம்

கதிர்77: விண்டோஸ் 10-ல இருந்து 11-க்கு மாத்துறேன். கொஞ்ச நேரம் ஓடிட்டு எரர் காட்டி நின்னுடுது. மூணு தடவை ஆச்சு. சி டிரைவ்ல 120 ஜிபி காலி. நாளைக்கு மெஷின் வேணும், சொல்லுங்க.

மழைத்துளி: என்ன எரர்? வரியை அப்படியே போடுங்க. டிஸ்க்கைப் பிரிச்சிருக்கிற முறை புது ஜிபிடியா, பழைய எம்பிஆரா?

பூவரசு: ஆன்டிவைரஸ்தான் காரணம். டிசேபிள் பண்ணினா பத்தாது, அதோட டிரைவர் ஓடிக்கிட்டேதான் இருக்கும். அன்இன்ஸ்டால் பண்ணுங்க. பிரிண்டர், பென்டிரைவையும் கழட்டிடுங்க.

மூத்தவன்: எரர் என்னன்னு சொல்லணும்கிற அடிப்படைகூடத் தெரியாம ஏன் கை வைக்கிறீங்க? பேக்அப் எடுத்துட்டு க்ளீன் இன்ஸ்டால் போடுங்க.

மழைத்துளி: காரணம் தெரியுறதுக்கு முன்னாடியே டிஸ்க்கை அழிக்கச் சொல்லாதீங்க.

கதிர்77: சாரி. "சிஸ்டம் ரிசர்வ்டு பார்ட்டிஷனை அப்டேட் பண்ண முடியல"ன்னு வருது. லேப்டாப், ஜிபிடி.

செம்பருத்தி: அப்போ சி டிரைவுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. ஜிபிடி டிஸ்க்ல எரர் சொல்றது இஎஃப்ஐ பார்ட்டிஷனை, அதாவது விண்டோஸைக் கிளப்புற (பூட்) ஃபைல்கள் இருக்கிற 100 எம்பி தனிப் பகுதியை. அது நிரம்பியிருக்கு. அதுல 15 எம்பியாவது காலி வேணும். டிஸ்க் மேனேஜ்மென்ட் அதை 100% காலின்னு காட்டும், நம்பாதீங்க. முதல்ல டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற பிட்லாக்கரோட கீயைக் குறிச்சு வச்சுட்டு, பிட்லாக்கரை சஸ்பெண்ட் பண்ணுங்க. கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டரா திறந்து, இந்த மூணு வரியை ஆங்கில எழுத்துல அடிங்க (முதல் வரி அந்தப் பகுதிக்கு ஒய்-னு டிரைவ் எழுத்து கொடுக்கும்):

மவுண்ட்வால் ஒய்: /எஸ் (mountvol Y: /S)
ஒய்:
டிர்

கடைசி வரியில மிச்ச இடம் தெரியும். அப்புறம் இஎஃப்ஐ, மைக்ரோசாஃப்ட், பூட், ஃபான்ட்ஸ்னு வரிசையா சிடி (ஃபோல்டருக்குள்ள போற கமாண்ட், cd) போட்டு உள்ளே போங்க. ப்ராம்ப்ட்ல ஒய்-யும் ஃபான்ட்ஸும் தெரியுதான்னு பார்த்த பிறகுதான் எல்லா ஃபைலையும் அழிக்கிற டெல் *.* (del *.*) அடிக்கணும். அந்த எழுத்துரு ஃபைல்கள் இல்லாமலும் பூட் ஆகும். பக்கத்து ஃபோல்டர் எதையும் தொடாதீங்க, பூட்டே போயிடும். முடிஞ்சதும் சி:-க்கு வந்து மவுண்ட்வால் ஒய்: /டி (mountvol Y: /D) அடிச்சு அந்த ஒய் எழுத்தை எடுத்துடுங்க.

மூத்தவன்: இது ஒட்டுவேலை. சி-யைச் சுருக்கி இஎஃப்ஐ-யைப் பெருசாக்குறதுதான் முறை.

செம்பருத்தி: சி-யைச் சுருக்கினா காலியிடம் அதோட வால்பக்கம்தான் விழும். இஎஃப்ஐ முன்னாடி இருக்கு, நடுவுல விண்டோஸ் தனக்குன்னு ஒதுக்கி வச்ச 16 எம்பி எம்எஸ்ஆர் பார்ட்டிஷன் வேற. எப்படி ஒட்டுவீங்க?

மூத்தவன்: அதுக்குத்தான் பார்ட்டிஷன் டூல் இருக்கு, சி-யையே நகர்த்தும்.

மழைத்துளி: நகர்த்தும்போது கரண்ட் போனா மொத்த டேட்டாவும் போச்சு. 15 எம்பிக்காக அந்த ரிஸ்க் எதுக்கு?

பூவரசு: ஆன்டிவைரஸையும் ஒருதடவை பார்த்துடுங்க.

கதிர்77: 6 எம்பிதான் இருந்தது. ஃபான்ட்ஸ் அழிச்சதும் விண்டோஸ் 11 ஏறிடுச்சு. நன்றி.

செம்பருத்தி: பழைய 10-க்குத் திரும்ப 10 நாள்தான் இருக்கு. அதுவரை பழைய விண்டோஸ் இருக்கிற விண்டோஸ்.ஓல்டு ஃபோல்டரை அழிக்காதீங்க.